1,200 போதவில்லை என்றால் 1,000 ஆக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 158 செ.மீ. திருச்சியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நாற்காலியில்தான். இரண்டு மாதத்துக்கு முன் எடை 77 கிலோ. கைபேசி ஆப் ஒன்றில் விவரங்களைக் கொடுத்தபோது தினமும் 1,200 கலோரி என்று சொன்னது. அதன்படி காலையில் ஓட்ஸ், மதியம் ஒரு கப் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி என்று இருக்கிறேன். முதல் இரண்டு வாரத்தில் 3 கிலோ குறைந்தது. அப்புறம் ஆறு வாரமாக 74-லேயே நிற்கிறது. தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது. இரவு பத்து மணிக்கு மேல் பசி தாங்காமல் மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. சமையல் முழுக்க அத்தைதான் (மாமியார்). ஐந்து பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய்தான் வாங்குகிறோம், அதிகம் இல்லை. மூன்று மாதத்தில் அண்ணன் மகள் கல்யாணம். அதற்குள் 10 கிலோ குறைக்க 1,000 கலோரிக்கு இறங்கலாமா? என் கணவருக்கு வயது 45, உயரம் 172, எடை 80. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் என்னோடு இதே கணக்கில் இருக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரி, 1,000-க்கு இறங்க வேண்டாம். 1,200-லிருந்தும் மேலே ஏறி வாருங்கள். உங்களுக்கு நான் சொல்லும் எண் 1,450. எடை நின்று போயிருக்கும் நேரத்தில் அதிகமாகச் சாப்பிடச் சொல்கிறாரே என்று தோன்றும். அந்த எண் எப்படி வந்தது என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில், படுக்கையில் அசையாமல் கிடந்தாலும் உங்கள் உடம்பு எவ்வளவு செலவழிக்கும் என்று பார்ப்போம். இதற்கு 1990-இல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான உணவியல் நிபுணர்கள் பயன்படுத்துகிறோம். எடையைப் பத்தால் பெருக்குங்கள்: 740. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 987.5. வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள்: 190. பெண் என்பதால் இன்னும் 161 கழியுங்கள். (ஆண் என்றால் அந்த 161-ஐக் கழிக்காமல் 5 கூட்ட வேண்டும்.) உங்களுக்கு வருவது ஏறக்குறைய 1,375. இது அமெரிக்கர்களை அளந்து போட்ட சூத்திரம். அதே எடையில் நம்மவர் உடம்பில் தசை சற்றுக் குறைவு, கொழுப்பு சற்றுக் கூடுதல். அதனால் நமக்கு இது கொஞ்சம் தூக்கலாகக் காட்டும். ஐந்து சதவீதம் குறைத்து 1,300 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது உயிர் ஓடுவதற்கான செலவு மட்டும். எழுந்து நடமாடுவதற்கும், வீட்டு வேலைக்கும், சாப்பிட்டதைச் செரிப்பதற்கும் சேர்த்து, உட்கார்ந்த வேலை பார்ப்பவர்களுக்கு 1.4-ஆல் பெருக்குவோம். 1,820 வருகிறது. வசதிக்கு 1,800 என்று எடுத்துக்கொள்வோம். எடை கூடாமலும் குறையாமலும் இருக்க உங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய இதுதான். ஐதராபாத் தேசிய உணவூட்டவியல் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்த வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு 1,660 கலோரி என்று இருக்கிறது. உங்கள் எடை அதைவிட அதிகம் என்பதால் 1,800 என்பது பொருந்தித்தான் வருகிறது.

சரி, இதிலிருந்து எவ்வளவு கழிப்பது? ஆப்கள் தடுமாறுவது இங்கேதான். "எத்தனை கிலோ, எத்தனை நாளில்" என்று கேட்டு, நாம் சொல்லும் ஆசையை வைத்து வகுத்துவிடுகின்றன. விடை மிகவும் கீழே போனால் 1,200 என்ற தரையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அதனால்தான் உயரமானவர், குட்டையானவர், 25 வயதுக்காரர், 60 வயதுக்காரர் என்று வித்தியாசமில்லாமல் பல பெண்கள் கையில் அதே 1,200 இருக்கிறது. அது உங்களை அளந்து வந்த எண் அல்ல. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் இதற்குக் கீழே போகக்கூடாது என்பதற்காக வைத்த எல்லை. ஆண்களுக்கு அந்த எல்லை 1,500.

உங்கள் விருப்பத்தையே கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ எடை குறைய ஏறக்குறைய 7,700 கலோரி துண்டு விழ வேண்டும். பத்து கிலோவுக்கு 77,000. தொண்ணூறு நாளில் என்றால் தினமும் 855. 1,800-இல் அதைக் கழித்தால் 945. உயிர் ஓடவே 1,300 வேண்டிய உடம்புக்கு, வேலைக்கும் போய்க்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, 945. இதை மூன்று மாதம் தாக்குப்பிடிக்க முடியாது. முடிந்தாலும் போவதில் தசையும் சேர்ந்து போகும். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டுத் தாங்க முடியும் என்று தேடாதீர்கள். எவ்வளவு அதிகமாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது என்று தேடுங்கள். அந்த மேல் எல்லைதான் உங்கள் எண். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையிலிருந்து 300 முதல் 500 வரை கழித்த இடத்தில் கிடைக்கும். உங்களுக்கு 350 கழித்து 1,450 என்று தொடங்கலாம். மாதத்துக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ இறங்கும். கல்யாணத்துக்குள் 70-ஐத் தொடுவீர்கள். 77-இல் தொடங்கிய உடம்புக்கு அது ஒன்பது சதவீதம். ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி சீராகும் என்பதால், 70 என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

இப்போது உங்கள் மனதில் இருக்கும் பெரிய கேள்விக்கு வருகிறேன். 1,200-லேயே நின்ற எடை 1,450-இல் எப்படி இறங்கும்?

முதல் இரண்டு வாரத்தில் போன மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். நம் கல்லீரலிலும் தசையிலும் நானூறு, ஐந்நூறு கிராம் அளவுக்கு கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் அதைப்போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது இந்த இருப்புதான், அதோடு தண்ணீரும் இறங்கிவிடும். அது ஒருமுறை மட்டும் நடப்பது. அந்த வேகம் தொடரும் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது.

அடுத்த ஆறு வாரம் நீங்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதை உங்கள் கடிதத்தை வைத்தே பார்க்கலாம். எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர். எடையில் 920 கிராம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 276. வடிந்ததும், சட்டியில் ஒட்டியதும் போக 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பில், வெண்டைக்காய் வதக்கலில், புளிக்குழம்பின் மேல் மிதப்பதில் என்று நாள் முழுக்கப் பிரிந்து உள்ளே போவதால் அது தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆப்பில் "பொரியல் ஒரு கப்" என்று தட்டினால் அது யாரோ ஒருவர் வீட்டுப் பொரியலுக்கான எண்ணைக் காட்டுமே தவிர, உங்கள் அத்தை கை அளவை அது அறியாது. ஆகவே பதிவில் வராமல் போன எண்ணெய் மட்டுமே ஒரு நாளைக்கு 150 கலோரி இருக்கும் என்பது என் மதிப்பீடு.

அப்புறம் அந்த மிக்சர். ஒரு சின்னக் கைப்பிடி, 30 கிராம், 160 கலோரி. அதை ஆப்பில் பதிந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. டப்பாவிலிருந்து நின்றுகொண்டே சாப்பிடுவதை அநேகமாக யாருமே பதிவதில்லை. ஆக, 1,200 என்று குறித்த நாளில் உள்ளே போனது ஏறக்குறைய 1,500. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, மாலை பலகாரம், இரவு வெளிச் சாப்பாடு என்றால் 2,800 எளிதாக வந்துவிடும். ஆறு நாளுக்கு 9,000, ஞாயிறுக்கு 2,800, மொத்தம் 11,800. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,685 சொச்சம். 1,800 தேவைப்படும் உடம்பில் இதனால் மாதத்துக்கு அரை கிலோகூட முழுதாகக் குறையாது. மாதவிடாய்க்கு முன் உடம்பில் நிற்கும் தண்ணீரே ஒன்றிரண்டு கிலோ இருக்கலாம் என்பதால் அந்த அரை கிலோவும் எடைக் கருவியில் தெரியாமல் போய்விட்டது.

இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. "1,200-க்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை இறங்கவே இல்லை" என்று சொன்ன பத்துப் பேரை வைத்து, உடம்பு செலவழிக்கும் ஆற்றலை நேரடியாக அளக்கும் முறையில் சோதித்தார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்தது சராசரியாக ஆயிரம் கலோரிக்குச் சற்று மேல். உண்மையில் சாப்பிட்டது இரண்டாயிரத்துக்கு மேல். அவர்களின் வளர்சிதை மாற்றத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்கள் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. சாப்பாட்டைக் கண்ணால் அளப்பது அவ்வளவு கடினம். வீட்டில் நாலு பேர் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தூக்கிப்போட மனசில்லாமல் வாயில் போடும் ஒரு பெண்ணுக்கு அது இன்னும் கடினம்.

1,200 என்ற எண்ணே இந்தக் கசிவை உண்டாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பகலில் பட்டினி கிடந்தால் இரவு பத்து மணிக்கு உடம்பு கேட்கத்தான் செய்யும். 1944, 45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக, அவர்களே முன்வந்து செய்துகொண்ட சோதனை அது. நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி சாப்பாடு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். எரிச்சல், சோர்வு, எதிலும் நாட்டமின்மை. உங்கள் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றல்ல. அவர்கள் மெலிந்த உடம்பிலிருந்து இன்னும் மெலிந்தார்கள், உங்களிடம் கரைக்க இருப்பு இருக்கிறது. ஆனாலும் பசி மனசை என்ன செய்யும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ராத்திரி டப்பாவைத் திறப்பதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

பட்டினியில் இன்னொன்றும் நடக்கும். நமக்குத் தெரியாமலே நடமாட்டம் குறைந்துவிடும். மாடிப்படி ஏற வேண்டிய இடத்தில் லிஃப்ட், எழுந்து போய் எடுக்க வேண்டியதற்குப் பிள்ளையைக் கூப்பிடுவது, மாலையில் ஒரு மணி நேரம் படுத்துவிடுவது. சேமித்ததில் ஒரு பங்கு இப்படிப் போய்விடும்.

இனி 1,450-ஐ வீட்டில் எப்படி நடத்துவது என்று பார்ப்போம். ஒவ்வொரு கவளத்தையும் எடை போடச் சொல்ல மாட்டேன். நான்கு இடங்களை அளந்தால் போதும்: எண்ணெய், அரிசி, காபி, பலகாரம். எண்ணெய்க்கு மிகச் சுலபமான வழி, மாதக் கணக்கு. அடுத்த மாதம் ஆளுக்கு அரை லிட்டர், மொத்தம் இரண்டரை லிட்டர் என்று வாங்குங்கள். ஒரேயடியாகப் பாதி கஷ்டம் என்றால் முதல் மாதம் மூன்றரை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ரீஃபைண்ட் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. எந்த எண்ணெயானாலும் கலோரி ஒன்றே. செக்கு எண்ணெய்க்கும் விதிவிலக்கு கிடையாது. பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல், அதன் பக்கத்தில் ஒரு டீஸ்பூனை வைத்துவிடுங்கள். ஒரு டீஸ்பூன் 45 கலோரி.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். "எனக்கு மட்டும் தனியாகச் சமையுங்கள்" என்று கேட்டால் அவருக்கு வேலையும் கூடும், வருத்தமும் வரும். அதைவிட, "அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வீட்டுக்கே எண்ணெயைக் குறைப்போம் அத்தை" என்று சொன்னால் மகனுக்காக எந்த அம்மாவும் கேட்பார். உண்மையும் அதுதானே.

அரிசிக்கு, ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். அரை கப் அரிசி 260 கலோரி. வடித்த சாதத்தை "ஒரு கப்" என்றால் உங்கள் கப் எது, எவ்வளவு அழுத்தி வைத்தீர்கள் என்ற குழப்பம் வரும். அரிசியாக அளந்தால் அந்தக் குழப்பமே இல்லை. ஐந்து பேருக்கு உலை வைக்கும்போது மொத்தம் எத்தனை கப், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒரு வாரம் பார்த்துவிட்டால் அப்புறம் கண் பழகிவிடும். சாதத்தை அடியோடு விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. நூறு கிராம் கோதுமை மாவிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய சமம். சப்பாத்திக்கு எண்ணெய் வேறு தடவுகிறோம். சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சாதத்தை எண்ணுவதில்லை, பலன் தெரிவது அதனால்தான்.

காபிக்கு 100 மில்லி நீல பாக்கெட் பால், ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 80 கலோரி. இரண்டு வேளை தாராளமாகக் குடியுங்கள். ஆரஞ்சு பாக்கெட் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாலு வேளை என்றால் அதுவே ஒரு நேரச் சாப்பாட்டுக் கணக்காகிவிடும்.

உங்கள் சாப்பாட்டில் எனக்குக் கவலையாகப் படுவது கலோரியைவிடப் புரதம்தான். ஓட்ஸ், சாதம், சப்பாத்தி என்றால் நாளைக்கு முப்பத்தைந்து, நாற்பது கிராம் தாண்டாது. எடையைக் குறைக்கும் காலத்தில் தசை போகாமல் இருக்க உங்களுக்கு 65 முதல் 75 கிராம் வேண்டும். புரதம் போதுமான அளவு இருந்தால் பசியும் அடங்கும். ஓட்ஸ் பிடித்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் சரி, கடமைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று சாப்பிட்டால் 350 கலோரிதான். மதியம் குக்கர் கப்பில் அரை கப் அரிசிச் சாதம், பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பாரோ மீன் குழம்போ, சாதத்தைவிடப் பெரிய குவியலாகக் காய், கொஞ்சம் தயிர், இது 500. மாலையில் காபியோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் மேலாகத் தூவி, 230. இரவு இரண்டு சப்பாத்தியோடு வெறும் உருளைக்கிழங்கு மசாலா வேண்டாம், பாசிப்பருப்புக் கூட்டு, முட்டை, சோயா இவற்றில் ஒன்று. அது 340. காலைக் காபியையும் சேர்த்து 1,500 வரும். ஒரு நாள் ஐம்பது கூடும், ஒரு நாள் குறையும். மாலை ஆறு மணிச் சுண்டலை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். இரவு பத்து மணி மிக்சருக்கு மருந்து அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வாரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு 10,150 கலோரி உங்கள் கையிருப்பு. ஞாயிறன்று 2,000 வேண்டுமென்றால் மற்ற ஆறு நாளில் 1,350, 1,360 என்று இருந்தால் சரியாகிவிடும். பிரியாணியும் சாப்பிடலாம். பிரியாணி, மாலை பஜ்ஜி, இரவு பரோட்டா மூன்றும் ஒரே நாளில் என்றால்தான் கணக்கு உடைகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நடைப்பயிற்சி அவசியம், ஆனால் அதை எடைக்கான கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் எடைக்கு முக்கால் மணி நேர நடையில் கூடுதலாகச் செலவாவது 130 கலோரிக்குள்தான். கைக்கடிகாரம் 250, 300 என்று காட்டும். அது நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதையும் சேர்த்த எண், அதிலும் மிகைப்படுத்தல் உண்டு. "இன்றைக்கு நடந்தேன், அதனால் இன்னும் 300 சாப்பிடலாம்" என்று ஆப் சொன்னால் கேட்காதீர்கள். அந்த வசதியையே அணைத்து வைத்துவிடுங்கள். நடையைவிட, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று இருபது நிமிடம் போதும்.

1,450 என்பதும் மதிப்பீடுதான். உண்மையான எண்ணை உங்கள் உடம்புதான் சொல்லும். தினமும் காலையில், கழிவறை போய்விட்டு வந்து, காபிக்கு முன் எடை பாருங்கள். அன்றன்றைய எண்ணைப் பார்த்துச் சந்தோஷமும் வேண்டாம், துக்கமும் வேண்டாம். வாரம் முடிந்ததும் ஏழையும் கூட்டிச் சராசரி எடுங்கள். மாதவிடாய்த் தண்ணீர் குழப்பாமல் இருக்க, முதல் வாரச் சராசரியை ஐந்தாவது வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் சில நாள் எடை அரை கிலோ ஏறலாம். கிளைகோஜன் கொஞ்சம் நிரம்புவதுதான் காரணம், பயந்து பழையபடி 1,200-க்கு ஓடிவிடாதீர்கள். நாலு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். மூன்று கிலோவுக்கு மேல் போயிருந்தால் 150 கலோரி கூட்டுங்கள். அசையவே இல்லை என்றால் முதலில் எண்ணெய்ப் பாட்டிலையும் ஞாயிற்றுக்கிழமையையும் சரிபாருங்கள். அங்கே கசிவு இல்லை என்று உறுதியானால் மட்டும் நூறு குறையுங்கள். எப்படியானாலும் 1,300-க்குக் கீழே வேண்டாம். ஒவ்வொரு ஐந்து கிலோ இறங்கும்போதும் சூத்திரத்தை மறுபடி போடுங்கள். உடம்பு சிறுக்கும்போது அதன் தேவையும் எழுபது கலோரி அளவுக்குக் குறையும். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை டேப்பால் அளந்து குறித்துவையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை நிற்கும் மாதத்தில்கூட டேப் சில சமயம் நல்ல செய்தி சொல்லும்.

முடி கொட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது உண்டு, உங்கள் கால அளவும் பொருந்துகிறது. சாப்பாடு சரியானால் சில மாதங்களில் அது தானாகத் திரும்பி வளரும். ஆனாலும் இந்த வாரமே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டுச் சோதனை) மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தச்சோகையும் தைராய்டு குறைபாடும் முடியையும் பாதிக்கும், சோர்வையும் கொடுக்கும். தைராய்டு குறைந்தால் எடையும் கூடும். அவை இருந்தால் கலோரிக் கணக்கால் மட்டும் சரியாகாது. மாதவிடாய் தள்ளிப் போனாலும், தலைசுற்றல் வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கணவருக்கு இந்த எண் பொருந்தாது. அதே சூத்திரத்தைப் போட்டால் அவருக்கு 1,655 வருகிறது. ஐந்து சதவீதம் கழித்து 1.4-ஆல் பெருக்கினால் 2,200. அவர் 1,700, 1,750 அளவில் இருக்கலாம். ஒரே குழம்பு, ஒரே காய், அவருக்கு ஒரு இட்லியும் ஒரு சப்பாத்தியும் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தொடங்கும் முன் அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்றவை சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சாதத்தைக் குறைத்த நாளில் வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று தாழ்சர்க்கரை வந்துவிடலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் மிகக் குறைவு. எதுவானாலும், "சாப்பாட்டை இவ்வளவு குறைக்கப் போகிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?" என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் காலையிலும், மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்துக் குறித்துவைக்கட்டும். 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அன்றே மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள்.